ஒன்பதாவது மாடி ஈரம்

ஒன்பதாவது மாடித் தரையைத் துடைத்தால் காய்வதற்கு இருபது நிமிடம் ஆகும். மழைக்காலம் என்றால் அரை மணி. அந்த நேரத்துக்குள் யார் வந்து மிதித்தாலும் ஈரக்காவுக்கு ஆகாது. பெரிய டாக்டரானாலும் சரி, நோயாளிக்குப் பழம் வாங்கிவந்த சொந்தக்காரரானாலும் சரி, "ஈரம், ஈரம், ஓரமா போங்க" என்று நடைபாதைக் கடைசியிலிருந்து குரல் வந்துவிடும். அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் வேறு யாரையோ என்று நினைப்பாள்.

பதினோரு வருஷமாக எட்டும் ஒன்பதும் அவள் பொறுப்பு. மேலே தொடங்கிக் கீழே வருவாள். முதலில் ஒன்பது, பிறகு எட்டு. அவளுடைய வாளி மஞ்சள் நிறம். கைப்பிடி உடைந்துபோய்ப் பச்சைக் கயிறு கட்டியிருந்தாள். பத்தாவது மாடியில் துடைப்பவளுக்குக் கை கொஞ்சம் நீளம் என்பதால், அடையாளத்துக்கு வாளியின் வயிற்றில் நகப்பூச்சால் மூன்று சிவப்புப் பொட்டும் வைத்திருந்தாள்.

அவள் புருஷன் அதே ஆஸ்பத்திரியின் குழாய்க்காரர். அவளுக்கு இரண்டு வருஷம் பின்னால் வேலைக்கு வந்தவர். பேச்சு குறைவு. ஒழுகுகிற குழாயின்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். "ம்" என்பார். எந்த வால்வை மூட வேண்டும் என்று அதற்குள் தெரிந்திருக்கும். அந்த உள்ளங்கைதான் இப்போது முழங்கை வரைக்கும் கட்டுப்போட்டு, வீட்டுக் கட்டிலில், தலையணைமேல் கிடந்தது.

"ஆறிடுச்சு. வாயத் திறங்க."

கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். பன்னிரண்டு நாளாக இதுதான் காலை வேலை. வெளியே மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்தது. அறைக்குள் கட்டிய கொடியில் துணிகள் மூன்று நாளாகக் காயாமல் நாற்றமடித்தன. ஜன்னலோர மேஜையில் ஒரு காகிதம், அது பறக்காமலிருக்க மருந்து பாட்டில். அந்தப் பக்கம் திரும்பாமலே அவள் கஞ்சியைக் கலக்கினாள்.

பக்கத்துத் தெருவிலிருந்து நாத்தனார் வந்திருந்தாள். தையல்கடைக்குப் போகிற வழி. குடையைக் கதவுக்கு வெளியே விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தவள், உட்காராமலே தொடங்கினாள்.

"அண்ணி, நான் சொல்றேன்னு கோவப்படாத. இன்னிக்கு மத்தியானம் விசாரணை. அண்ணன் பேசாம கையெழுத்தப் போட்டுட்டு வந்துடட்டும்."

"போடாத குழாயப் போட்டேன்னு எழுதிக் குடுக்கணுமா?"

"எழுதினா என்ன ஆயிடப் போகுது? ஒரு காகிதம்தானே. இந்தக் கைய வெச்சுக்கிட்டு போலீஸ் ஸ்டேஷன் படி ஏற முடியுமா, சொல்லு."

"காகிதம்தான். நாளைக்கு அதே குழாய்ல இன்னொருத்தன் வெந்து விழுந்தா அதுவும் உங்கண்ணன் தலையிலதான் விடியும்."

"விடியறப்ப பாத்துக்கலாம். இப்ப வைத்தியம் நடக்கணுமா வேணாமா? கேட்டாண்ட உக்கார வெச்சு நோட்டு எழுதற வேலை குடுக்கறேன்னு வேற சொல்லியிருக்காங்களாமே."

கட்டிலில் இருந்தவர் கஞ்சியை விழுங்கிவிட்டு மெதுவாகச் சொன்னார். "நோட்டு எழுதறதுக்கும் கை வேணும். அத அவங்க யோசிக்கல."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஈரக்காவுக்கு வரவில்லை.

"கையெழுத்துப் போட முடியாதேன்னு கேட்டேன்," என்றார் அவர். "இடது கைப் பெருவிரல் வெச்சா போதும்னாரு மேனேஜர். மைப்பெட்டி ரெடியா இருக்காம்."

ஒவ்வொரு வால்விலும் தொங்குகிற அட்டையில் தேதியும் பெயரும் முத்து முத்தாக எழுதுகிறவர் அவர். அந்த எழுத்தைப் பார்த்துத்தான் ஈரக்காவுக்கு முதன்முதலில் அவரைப் பிடித்தது. இன்றைக்கு அவரைக் கைநாட்டு ஆக்கப் பார்க்கிறார்கள். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி நிர்வாகம் கட்டடத்துக்கு டிஜிட்டல் இரட்டை ஒன்று செய்தது. கம்ப்யூட்டருக்குள் இதே ஆஸ்பத்திரி இன்னொன்று. அதே சுவர், அதே குழாய், அதே வால்வு. நிஜக் கட்டடம் முழுக்கச் சின்னச் சின்னக் கருவிகளை ஒட்டினார்கள். எந்த மோட்டார் சூடாகிறது, எந்தக் குழாயில் அழுத்தம் குறைகிறது என்பதெல்லாம் கீழ்த்தளத்துக் கண்ணாடி அறையில் திரையில் தெரியும். குறை சொல்லக் கூடாது, நல்லதும் நடந்தது. லிஃப்ட் நடுவில் நிற்பது நின்றது. மேல்தொட்டி வழிந்து சுவர் ஊறுவது நின்றது. வேலையாட்கள் அதற்கு ரெட்டைப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். ரெட்டைப்பிள்ளைக்குக் கிடைக்கிற மரியாதை நிஜப்பிள்ளைக்குக் கிடைக்கவில்லையே என்று லிஃப்ட்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு புது விதி வந்தது. வால்வைக் கையால் தொடக் கூடாது. கண்ணாடி அறையிலிருந்தே மூடுவார்கள். குழாய்க்காரரின் போன் திரையில் அந்தக் குழாய் நீலமாக மாறும். நீலம் வந்தால் உள்ளே தண்ணீர் இல்லை, பிரிக்கலாம். கைவைத்துப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது எல்லாம் விதிமீறல். பழக்கதோஷத்தில் ஒருமுறை கைவைத்துப் பார்த்ததற்கு அவருக்கு ஒரு மெமோவும் கொடுத்தார்கள். அதன்பிறகு அவர் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்க்கப் பழகினார்.

அன்றைக்கு ஒன்பதாவது மாடியில், வெந்நீர்க் குழாயில் கசிவு. திரையில் நீலம் வந்தது. பிரித்தார். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வந்தது.

அந்தக் குழாயோடு இன்னொரு குழாய் சேர்ந்திருந்தது. பின்பக்க நடையின் கூரையோரம், பத்துக் குழாய்களுக்கு நடுவே பன்னிரண்டு அடி ஓடி, துணி அடுக்கும் அறையின் சுவருக்குள் போயிற்று. என்றைக்கோ ஒன்பதாவது மாடியில் ஆபரேஷன் கருவிகளைக் கிருமி போக வேகவைக்கும் அறை இருந்த காலத்தில் போட்டது. அறையை மாற்றினார்கள், குழாயை விட்டுவிட்டார்கள். அது ஒருநாளும் ஒழுகவில்லை. ஒழுகாத குழாயை எந்தக் குழாய்க்காரரும் தேடிப் போக மாட்டார். ரெட்டைப்பிள்ளையிலும் அது இல்லை, அதனால் வால்வை மூடியும் அதன் வழியாக வெந்நீர் வந்துகொண்டே இருந்தது.

மேனேஜர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். ரெட்டைப்பிள்ளை நகக்கண் அளவுகூடத் தப்பாமல் கேமரா வைத்து எடுத்தது. அதில் இல்லாத குழாய் அதற்கப்புறம் வந்த குழாய். அப்புறம் போட வேறு யாரால் முடியும்? 'மேற்படி இணைப்பை நான் அனுமதியின்றி அமைத்தேன்' என்று காகிதம் அடித்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார். விரல் வைத்தால் வைத்தியமும் கேட் வேலையும். வைக்காவிட்டால் போலீஸ்.

"நான் வந்த நாள்லேர்ந்து அந்தச் சுவர் சூடாத்தான் இருக்கு சார்," என்று ஈரக்கா மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். "என் துடைக்கற துணியெல்லாம் அங்கதான் காயப்போடுவேன். மழைக்காலத்துல கூடக் காஞ்சிடும்."

"சுவர் சூடா இருந்ததுன்னு எந்த ரிப்போர்ட்ல இருக்கும்மா?" என்று கேட்டு அவர் சிரித்தார்.

அவள் அதைப் புருஷனிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ஒன்பது வருஷமா எங்கிட்ட சொல்லலையே," என்றார். "நீங்க கேக்கலையே," என்றாள். சுவர் சூடாக இருந்தால் துணி காயும். அதைப் போய் யாராவது புருஷனிடம் செய்தியாகச் சொல்வார்களா? ஆனாலும் அந்த ஒரு கேள்வி அவளை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

"போட்டுடலாம்," என்றார் இப்போது கட்டிலிலிருந்து. "சண்டை போட என்னால ஆகாது."

"உங்கள யாரு போடச் சொன்னா?" என்றாள். "நீங்க சும்மா வந்து உக்காருங்க. நான் வேலையில இருப்பேன். தங்கச்சி கூட்டிட்டு வரட்டும்."

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஒன்பதாவது மாடியில் மழைநாளுக்கே உரிய சேறு. பார்வையாளர்கள் செருப்போடு கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். இரண்டு தடவை தண்ணீர் மாற்றித் துடைத்தாள். துணி அடுக்கும் அறைக்குப் போய்ச் சுவரில் கைவைத்தாள். ஜில்லென்று இருந்தது. அந்தக் குழாயை வெட்டி அடைத்துவிட்டார்கள். அவருடைய கையை வேகவைத்த பிறகு அடைக்க எவ்வளவு சுறுசுறுப்பு. அவள் அந்தச் சுவரை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். உள்ளங்கைதான் வலித்தது.

பின்பக்க நடைக்குத் திரும்பினபோது லிஃப்ட் திறந்தது. எக்ஸ்ரே மிஷினைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் ஈரத்தில் கால் வைக்கப் போனார்கள்.

"ஈரம், ஈரம்," என்றாள் பழக்கத்தில். "கீழ எட்டுக்குப் போயிட்டு வாங்க. அரை மணியில காஞ்சிடும்."

சொல்லி முடித்ததும் அப்படியே நின்றுவிட்டாள். இதே வார்த்தையை, இதே இடத்தில், இதே லிஃப்ட் வாசலில் முன்னொரு நாள் சொல்லியிருக்கிறாள். மூன்றுகால் கம்பியில் சுழலும் கேமராவோடு இரண்டு பேர் நின்றார்கள். ரெட்டைப்பிள்ளைக்காகப் படம் எடுக்க வந்தவர்கள். முதலில் ஒன்பதாவது மாடிக்குத்தான் வந்தார்கள். அவள்தான் விடவில்லை. ஷூவைப் பார்த்ததுமே கத்தினாள். அவர்கள் சிரித்துக்கொண்டே எட்டுக்கு இறங்கினார்கள். அவளும் பின்னாலேயே வாளியோடு எட்டுக்குப் போனாள். அவர்கள் அங்கே கேமராவைச் சுழற்றினார்கள். அதன்பிறகு ஒன்பதுக்கு வரவே இல்லை. அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அன்று சாயங்காலம் வரை அவள் தரையில் ஒரு தடம்கூட இல்லை. அதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள்.

சந்தோஷப்பட்டாளாம். துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அன்று அவர்களை உள்ளே விட்டிருந்தால் அந்தக் குழாய் படத்தில் விழுந்திருக்கும். அவர் கை கையாகவே இருந்திருக்கும். மேனேஜர்மேல் இருந்த கோபம், ரெட்டைப்பிள்ளைமேல் இருந்த கோபம் எல்லாம் ஒன்றுசேர்ந்து அவள்மேலேயே திரும்பியது. அரை மணியில் காய்கிற தரைக்காக. பாழாய்ப்போன தரைக்காக.

வாளியைத் தூக்கிக்கொண்டு அப்படியே கீழே இறங்கினாள். வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

கண்ணாடி அறையில் விசாரணை தொடங்கியிருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நரைமுடி அதிகாரி அம்மா நடுவில். பக்கத்தில் மேனேஜர். திரைகளுக்கு முன்னால் எப்போதும் உட்கார்ந்திருக்கிற கண்ணாடி போட்ட பெண். எதிரே நாற்காலி நுனியில் அவள் புருஷன், மடியில் கட்டுப்போட்ட கை. மேஜைமேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த காகிதம், பக்கத்தில் மைப்பெட்டி மூடி திறந்து இருந்தது. இடது கைப் பெருவிரலை மேனேஜர் ஏற்கெனவே பிடித்திருந்தார், குழந்தைக்கு எழுதப் பழக்குகிற மாதிரி.

"விடுங்க சார் அவர் கைய," என்றாள்.

"நீ வெளிய இரும்மா. உன்ன யாரும் கூப்பிடல."

"கூப்பிட மாட்டீங்க. ஒன்பதாவது மாடிய யாருமே படம் எடுக்கல, அதச் சொல்லத்தான் வந்தேன்."

மேனேஜர் அதிகாரி அம்மாவைப் பார்த்து, பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோலக் கையை விரித்தார். "மேடம், இவங்க வீட்டுக்காரி. துப்புரவு வேலை. சரி, சந்தேகமே வேணாம். ஒன்பதப் போடும்மா. பின்பக்க நடை."

பெரிய திரையில் ஒன்பதாவது மாடி வந்தது. பளபளவென்று இருந்தது. சுவர், குழாய்கள், தீயணைப்புப் பெட்டி, துணி அறைக் கதவு. கூரையோரம் அந்தக் குழாய் மட்டும் இல்லை.

"இருக்கா மாடி?" என்றார் மேனேஜர். "எடுக்காம எங்கேர்ந்து வந்தது? வானத்துலேர்ந்தா?"

ஈரக்கா கதவு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு மஞ்சள் வாளி இருந்தது. பச்சைக் கயிறு.

"பத்தாவது மாடியப் போடும்மா," என்றாள் கண்ணாடிப் பெண்ணிடம். குரல் தணிந்துவிட்டது.

கண்ணாடிப் பெண் மேனேஜரைப் பார்த்தாள். அதிகாரி அம்மா, "போடு," என்றார்.

பத்தாவது மாடி வந்தது. அதே மூலையில் அதே வாளி. ஏழு வந்தது. வாளி. எட்டு வந்தது. வாளி.

ஈரக்கா கையில் இருந்த வாளியைத் தூக்கி மேஜைமேல், அந்தக் காகிதத்தின்மேலேயே வைத்தாள். அழுக்குத் தண்ணீர் கொஞ்சம் தளும்பிச் சிந்தியது.

"இது என் வாளி. இந்தக் கயிறு நான் கட்டினது. இந்த மூணு பொட்டும் நான் வெச்சது. உலகத்துலயே இந்த மாதிரி வாளி ஒண்ணுதான் இருக்கு. பத்துக்கும் ஏழுக்கும் நான் போறதே இல்ல. ஒரே வாளி ஒரே நேரத்துல நாலு மாடியில எப்படி சார் நிக்கும்?"

அதிகாரி அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். வாளியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். திரையிலும் மூன்று பொட்டு இருந்தது.

"மேடம், இது ஒரு சின்ன விஷயம்," என்றார் மேனேஜர். "தேவையில்லாத பொருள் படத்துல விழறதுதான். சுத்தம் பண்ணாம விட்டிருக்காங்க. ஏம்மா, அந்த வாளிய ஒன்பதுலேர்ந்து எடுத்துடு."

கண்ணாடிப் பெண் அசையவில்லை.

"எடுன்னா."

"எடுத்தா நாலு மாடியிலயும் போயிடும் சார்," என்றாள் அவள்.

"ஏன் போகும்?" என்று கேட்டது அதிகாரி அம்மா.

"நாலும் ஒரே மாடி மேடம். எட்ட மட்டும்தான் எடுத்திருக்காங்க. மத்த மூணும் அதோட நகல். ஒண்ணுல மாத்தினா எல்லாத்துலயும் மாறும்." மேனேஜர் பக்கம் திரும்பாமலே, "நான் வேலைக்கு வந்த மாசமே எழுதிக் குடுத்தேன். எல்லா மாடியும் ஒண்ணுதானே, கட்டறப்பவே அப்படித்தானே கட்டினாங்க, விடும்மான்னு சார் சொன்னாரு," என்றாள்.

மேனேஜரின் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஈரக்கா பக்கம் திரும்பினார். "ஒன்பது எடுக்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அவங்கள உள்ள விடல."

"பாத்தீங்களா மேடம். இவங்களே தடுத்திருக்காங்க. தப்பு யார் மேல?"

கட்டிலில் கிடந்து பழகிய மனுஷன் அப்போதுதான் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். இதை அவரிடம் வீட்டில் வைத்துச் சொல்லத்தான் நினைத்திருந்தாள். இப்படி நாலு பேர் முன்னால் அல்ல.

"ஆமா, நான்தான்," என்றாள். "தரை ஈரமா இருக்கு, அரை மணி கழிச்சு வாங்கன்னு சொன்னேன். அது என் தப்புதான், அத நான் சாகற வரைக்கும் சுமப்பேன். ஆனா மூணு வருஷம் ஆச்சு சார். உங்களுக்கு இன்னுமா அந்தத் தரை காயல?"

அதிகாரி அம்மா திரையிலிருந்து திரும்பி மேனேஜரைப் பார்த்தார்.

குழாய்க்காரர் இடது கையை நீட்டி மைப்பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். மேஜையின் அந்தப் பக்கம் வரைக்கும் தள்ளிவிட்டார்.

"ம்," என்றார்.

நிர்வாகம் காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தண்ணீரில் ஊறி மை கலைந்துபோயிருந்தது, எப்படியும் செல்லாது. வைத்தியம் நிற்காமல் நடந்தது. மேனேஜரை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஒரு ரெட்டைப்பிள்ளை இருக்கும். மன்னிப்பு என்ற சொல் எந்தக் கடிதத்திலும் வரவில்லை. கட்டுப் பிரித்தபோது மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. உள்ளங்கைத் தோல் மழமழவென்று ஆகியிருந்தது. வேலைக்குத் திரும்பியபிறகு, அதைக் குழாயின்மேல் வைத்தால் சூடு தெரியவில்லை என்று அவர் ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். ஈரக்காதான் அன்று சாப்பிடவில்லை.

விசாரணை முடிந்து வீட்டுக்குப் போன அன்றே அவள் அவரிடம் கேட்டாள். "எம்மேல கோவம் இல்லையா?"

"இருக்கு," என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, "அவங்க மேல இருக்கறதுல பாதி கூட இல்ல," என்றார்.

மழை விட்ட வாரத்தில் புதுக் கேமராக்காரர்கள் வந்தார்கள். மறுபடி எடுக்கச் சொல்லி உத்தரவு, இந்தத் தடவை ஒவ்வொரு மாடியும் தனித்தனியாக. ஒன்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அதிகாரி அம்மா எழுதியே கொடுத்திருந்தாராம். லிஃப்ட் திறந்தபோது ஈரக்கா அப்போதுதான் துடைத்து முடித்திருந்தாள். நடைபாதை முழுக்க மின்னியது. லிஃப்ட்காரர் கீழேயே சொல்லி அனுப்பியிருப்பார் போல, வந்தவர்கள் இரண்டு பேரும் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள்.

"காயட்டும்கா. நாங்க வெயிட் பண்றோம்," என்றான் ஒருவன்.

"ஷூவப் போடுங்க," என்றாள்.

"ஈரமா இருக்கேக்கா."

"தெரியும். நான்தானே துடைச்சேன். போட்டுக்கிட்டு உள்ள வாங்க."

அவர்கள் நுனிக்காலால் சுவரோரமாக வந்தார்கள்.

"ஓரமா போகாதீங்க. நடுவுல நடங்க. அந்த மூலைக்குப் போங்க. துணி ரூமுக்குள்ள போங்க, கதவு திறந்துதான் இருக்கு. நல்லா மிதிச்சு நடங்க."

நடந்தார்கள். கறுப்புக் கறுப்பாகத் தடம் விழுந்தது. கேமரா சுழன்றது. ஈரக்கா மஞ்சள் வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, படத்தில் விழாத தூரத்தில், லிஃப்ட் வாசலில் நின்றாள். அவர்கள் போனபிறகும் அந்தத் தடங்களை அவள் துடைக்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து குழாய்க்காரர் அவளைக் கூப்பிட மேலே வந்தபோது, அவை அப்படியே இருந்தன.